ஐஸ்க்ரீம் டப்பாவில் தெல்மா

ஜாடியின் மூடி திறக்கவில்லை.

நெவில் கிரிப்ஸ் கையால் திருகிப் பார்த்தார். துணியைச் சுற்றித் திருகிப் பார்த்தார். கடைசியில் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். ரயில்வே பட்டறையில் ஆயுசு முழுக்கத் துருப்பிடித்த போல்ட்டுகளோடு மல்லுக்கட்டிய கைகள் அவை. அப்பேர்ப்பட்ட கைகளுக்கு இந்தப் பீங்கான் ஜாடி ஒரு சுற்றுகூட அசைந்து கொடுக்கவில்லை.

"உயிரோட இருந்தப்பவும் இப்படித்தான்டி நீ. வாயைத் திறக்கவே மாட்டே," என்றார் ஜாடியைப் பார்த்து.

ஜாடிக்குள் இருந்தது அவருடைய மனைவி தெல்மா. போன மாதம் தகனம் செய்து, சாம்பலாக்கிக் கொடுத்திருந்தார்கள்.

போன் அடித்தது. மெல்பர்னிலிருந்து மகள் ஷெரன்.

"அப்பா, நாளைக்குக் காலைல பிளைட்டு. நான் வந்துடறேன். அதுவரைக்கும் அம்மாவைத் தொடாதே."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. உங்கம்மா சனிக்கிழமைன்னு சொல்லிட்டுத்தான் போனா. நான் 'ஞாயிறு ஆகாதா தெல்மா'ன்னு கேட்டேன். கண்டிப்பா சனிக்கிழமைதான்னுட்டா."

"சனிக்கிழமையா! உனக்கு மீன் பிடிக்கிற நாளாச்சே. ஏரி என்ன ஆகும்? மீனெல்லாம் உன்னைத் தேடாது?"

"நக்கல் பண்ணாதே. அவ என்னைக் கேட்டது இது ஒண்ணுதான். நான் செஞ்சு முடிப்பேன்."

"நீயா? சரி, கேக்கறேன், சொல்லு. கல்யாணமான நாள்லேருந்து அம்மாவை எங்கயாவது ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்கியா? ஒரே ஒரு இடம் சொல்லு பார்ப்போம்."

நெவில் யோசித்தார். "ஆஸ்பத்திரிக்கு," என்றார்.

"ஒவ்வொரு இடத்துலயும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. ஒழுங்காச் செய்யலைன்னு தெரிஞ்சுது, என் வீட்டு வாசப்படி மிதிக்காதே," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அவள் சொன்னால் சொன்னதுதான். அந்தப் பிடிவாதம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று நெவிலுக்குத் தெரியும். இருப்பது ஒரே மகள், இரண்டு பேரப்பிள்ளைகள். இந்த ஒரு காரியத்தையாவது உருப்படியாகச் செய்து, 'உன் அப்பன் அப்படியொன்றும் மோசமான புருஷன் இல்லை' என்று காட்டிவிட வேண்டும். ஆத்திரத்தோடு சுத்தியலை எடுத்து மூடியில் லேசாக ஒரு தட்டு தட்டினார். மூடி அப்படியே இருந்தது. ஜாடிதான் இரண்டாகப் பிளந்தது.

"அடக் கடவுளே!"

டாஸ்மேனியாவில் எந்த வீட்டுச் சமையலறையாக இருந்தாலும் சரி, பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே காலி ஐஸ்க்ரீம் டப்பாக்கள் ஒரு பட்டாளமே இருக்கும். ஐஸ்க்ரீம் தீர்ந்த பிறகுதான் அந்த டப்பாக்களின் உண்மையான வாழ்க்கையே ஆரம்பிக்கும். நெவில் கைக்குக் கிடைத்த ஒன்றை எடுத்து, தெல்மாவை மேஜையிலிருந்து வழித்து அதற்குள் சேர்த்தார். மூடியில் அவளுடைய கையெழுத்திலேயே ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது: 'பட்டாணி சூப்'. நகத்தால் சுரண்டிப் பார்த்தார், வரவில்லை. அவருக்கு அன்றைக்கு எதுவுமே வருவதாக இல்லை.

தெல்மா சொன்னது மூன்று இடங்கள். பூங்காவில் குரங்குகளுக்கு முன்னால், சதுப்பு நிலத்தில் தீவுக்குப் போகும் பலகைப் பாதையில், கடைசியாக ஆற்று மலையிடுக்கில், மயில்கள் நிற்கிற இடத்தில். "நான் சந்தோஷமா இருந்த இடங்க," என்றாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

நெவிலுக்கு ஒரே ஆச்சரியம். மூன்றும் வெளியூர்க்காரர்கள் வந்து வாயைப் பிளந்து பார்த்துவிட்டுப் போகிற இடங்கள். லான்செஸ்டனில் பிறந்து வளர்ந்த எவன் அங்கெல்லாம் போகிறான்? உள்ளூர்க்காரனுக்கு ஊர் எதற்கு? படுக்க, பல் விளக்க, சனிக்கிழமை விடிந்ததும் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்ப. மலையிடுக்கை நெவில் கடைசியாகப் பார்த்தது பள்ளிக்கூடப் பிக்னிக்கில், அரைக்கால் சட்டையோடு.

பூங்காவுக்குள் போனவருக்குக் குரங்குகள் எங்கே என்றே தெரியவில்லை. எழுபத்து மூன்று வயதில், சொந்த ஊரில், குரங்குக்கு வழி கேட்பதா? மானம் போய்விடும். வரைபடமும் கையுமாக வந்த ஒரு வெளியூர்க் குடும்பத்தின் பின்னாலேயே, வேறு வேலையாகப் போகிறவர் மாதிரி நடந்தார்.

குரங்குகள் பெரிய கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அகழிக்கு நடுவே, பாறை மேல் பேன் பார்த்துக்கொண்டிருந்தன. நெவில் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு டப்பாவைத் திறந்து ஒரு பிடி அள்ளினார்.

"ஐயா! குரங்குக்கு எதுவும் போடக்கூடாது!"

தாடி வைத்த ஒரு தோட்டக்காரர் மண்வெட்டியோடு ஓடி வந்தார்.

"இது தின்னுறது இல்லப்பா."

"பின்ன என்ன?" டப்பாவின் மூடியைப் படித்தார். "பட்டாணி சூப்பா?"

சாம்பலைத் தூவ நகராட்சியில் அனுமதி வாங்க வேண்டும் என்று எங்கோ கேள்விப்பட்ட ஞாபகம் நெவிலுக்கு. உண்மையைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"எலும்புத் தூள். இந்தா, இந்த ரோஜாச் செடிக்குப் போடலாம்னு…"

தோட்டக்காரரின் முகம் மலர்ந்தது. "எலும்புத் தூளா! எங்க, பார்ப்போம்." விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தார். "நல்ல சரக்கு ஐயா. கடைல விக்கிறது இவ்வளவு வெள்ளையா இருக்காது. எங்க வாங்கினீங்க?"

"வீட்டுலயே… ரொம்ப நாளா இருந்தது."

"குடுங்க, நானே போடறேன். உங்களுக்குக் குனிய முடியாது."

நெவில் 'வேண்டாம், ஒரு பிடி போதும்' என்று சொல்வதற்குள் அவர் டப்பாவை வாங்கிப் பாதியைக் கொட்டி, மண்வெட்டியால் கொத்தி, செடிக்கடியில் நன்றாகக் கலந்து, மேலே தண்ணீரும் விட்டுவிட்டார்.

"இந்த ரோஜா ஒரு அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சது, ஐயா. சனிக்கிழமை தவறாம வருவாங்க. கொஞ்ச நாளாக் காணோம். வந்தா சொல்றேன், ஒரு புண்ணியவான் வந்து எரு போட்டுட்டுப் போனாருன்னு."

"எந்த அம்மா?" என்று கேட்டார் நெவில்.

"குட்டையா, நீலத் தொப்பி போட்டுட்டு வருவாங்க. ஒவ்வொரு குரங்குக்கும் பேரு வெச்சிருக்காங்க. அதோ, முதுகைக் காட்டிட்டு உக்காந்து ஒரே தின்னுட்டு இருக்கானே, அவன் பேரு நெவில். எவ்வளவு கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கமாட்டான்." சிரித்தார். "உங்க பேரு என்ன ஐயா?"

"கெவின்," என்றார் நெவில்.

போட்டோ எடுத்து அனுப்பினார். அடுத்த நிமிடமே மகளின் பதில் வந்தது: 'குரங்கு எங்கே? ரோஜாச் செடிதான் தெரியுது.' 'குரங்கு பின்னாடி இருக்கு' என்று பதில் தட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார். நீலத் தொப்பி அவளிடம் இருந்ததே அவருக்குத் தெரியாது. சனிக்கிழமைகளில் வீட்டில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருப்பாள் என்றல்லவா நினைத்திருந்தார்! ஒரு குரங்குக்குத் தன் பேரை வைத்தவள், தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்போம் என்று யோசித்துப் பார்த்தார். ஏரிக்குத்தான் போயிருப்போம் என்று தோன்றியதும் யோசிப்பதை நிறுத்திக்கொண்டார்.

சதுப்பு நிலத்தில் ஒரு முடிவோடு இறங்கினார். இனி யார் கையிலும் டப்பாவைக் கொடுப்பதில்லை. பாதி தெல்மா ரோஜாவுக்குப் போய்விட்டாள். இங்கே ஒரு கரண்டிதான். மிச்சம் அவ்வளவும் மயில்களுக்கு.

பலகைப் பாதை தாமர் ஆற்றின் சேற்றுக்கும் நாணலுக்கும் மேலே வளைந்து வளைந்து போனது. கருப்பு அன்னங்கள் குஞ்சுகளோடு நீந்தின. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் காற்று! தொப்பியைப் பறிக்கிற காற்று. திறந்தவெளியில் தூவினால் தெல்மா கடலுக்கே போய்விடுவாள். நல்லவேளையாக, பறவை பார்ப்பதற்காகக் கட்டிய மரக்குடில் ஒன்று இருந்தது. உள்ளே காற்றில்லை. சுவரில் நீளமாக ஒரு ஜன்னல் பிளவு. அதன் வழியாகக் கையை நீட்டி மெதுவாக விட்டுவிட்டால் போதும். என்ன மூளை நமக்கு என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

உள்ளே தொலைநோக்கியும் கையுமாக ஒரு சிட்னிக்கார அம்மாள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் புருஷன் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"உஷ்! அசையாதீங்க. நாணல்ல ஒரு அபூர்வமான பறவை," என்றாள்.

நெவில் அசையாமல் நின்றார். நின்று நின்று கால் கடுத்தது. பறவை வருவதாகத் தெரியவில்லை. கடைசியில், ஓசைப்படாமல் ஒரு கை அள்ளி, பிளவு வழியாக வெளியே விட்டார்.

சதுப்பு நிலத்தின் காற்று அந்தப் பிளவு வழியாகத்தான் உள்ளே வந்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. போன சாம்பல் போன வேகத்திலேயே திரும்பி வந்து நெவிலின் கோட்டிலும், அந்த அம்மாளின் முடியிலும், புருஷனின் சாண்ட்விச்சிலும் இறங்கியது. பதறிப்போய் நெவில் டப்பாவை உதற, இன்னொரு பங்கு பறந்தது.

"ஐயையோ! என்னய்யா இது?" அவள் இருமினாள்.

"மன்னிச்சுக்கோங்கம்மா. இது… மாவு. மீனுக்குப் போடற மாவு."

"மாவு மாதிரி இல்லையே, நறநறங்குது," என்றார் புருஷன், சாண்ட்விச்சை மென்றுகொண்டே.

"துப்பிடுங்க!" என்று நெவில் கத்திவிட்டார்.

"பரவால்ல பெரியவரே, மீனுக்கு ஆவுறது நமக்கு ஆவாதா?" என்று அந்த நல்ல மனிதர் விழுங்கிவிட்டார்.

அம்மாளும் கோபக்காரி இல்லை. ஈரக் காகிதத்தை உருவி நெவிலின் கோட்டைத் துடைத்துவிட ஆரம்பித்தாள். "விட்டுடுங்கம்மா, இருக்கட்டும், நானே…" என்று அவர் எவ்வளவு கெஞ்சியும் விடவில்லை. தோள், மார்பு, பை ஓரம் என்று ஒரு துகள் விடாமல் துடைத்து, காகிதங்களைச் சுருட்டி வெளியே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுத்தான் ஓய்ந்தாள்.

"இந்த ஊர்க்காரரா நீங்க?" என்று போகும்போது கேட்டாள். "கொடுத்து வெச்சவங்க. மனைவியைக் கூட்டிட்டு தினமும் வரலாம்."

நெவில் குப்பைத் தொட்டியைப் பார்த்தபடி தலையை ஆட்டினார்.

டப்பாவின் அடியில் இரண்டு பிடிதான் மிச்சம். போன் அடித்தது.

"அப்பா, பலகைப் பாதை போட்டோ வந்தது. அதுல எதுக்குக் குப்பைத் தொட்டி?"

"அது… ஓரமா விழுந்துடுச்சு."

"ஒழுங்கா நடக்குதா இல்லையா? உண்மையச் சொல்லு."

"எல்லாம் நல்லா நடக்குது. நீ வை."

வண்டிக்குள் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டே இருந்தார். தெல்மாவின் மேல் கோபம் கோபமாக வந்தது. ஏரியில் தூவச் சொல்லியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு செய்திருப்பார். அங்கே காற்று எந்தப் பக்கம் வீசும், எந்த நேரத்தில் அடங்கும் என்று அவருக்கு அத்துப்படி. அவருக்குத் தெரிந்த இடம் ஒன்றைக்கூட அவள் சொல்லவில்லை.

மலையிடுக்கில் சனிக்கிழமைக் கூட்டம். பாறைகளுக்கு நடுவே கருத்த ஆற்று நீர் மடுவாகத் தேங்கியிருந்தது. அதை ஒட்டி நீச்சல் குளம், புல்வெளி, குழந்தைகளின் கூச்சல். மயில்கள் மனிதர்களை ஒரு பொருட்டாக மதிக்காமல் உலாத்திக்கொண்டிருந்தன. இந்தக் கூட்டத்துக்கு நடுவே கீழே நின்று தூவுவது நடக்கிற காரியமில்லை. ஒருத்தன் எரு என்பான், ஒருத்தி துடைக்க வருவாள். நெவில் நிமிர்ந்து பார்த்தார். மடுவுக்கு மேலே, கம்பியில் தொங்கும் நாற்காலிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்துகொண்டிருந்தன. அதுதான் சரி! அங்கிருந்தால் யார் கையும் எட்டாது. அந்தப் பக்கம் மயில்கள் மேயும் புல்சரிவுக்கு மேலே போனதும் சட்டென்று விட்டுவிடலாம்.

நாற்காலி கிளம்பிக் கொஞ்ச தூரம் போன பிறகுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. அவருக்கு உயரம் என்றால் ஆகாது.

ஒரு கையால் கம்பியைப் பிடித்தார். இன்னொரு கையாலும் கம்பியைப் பிடித்தார். டப்பாவைப் பிடிக்கக் கை இல்லை. தொடை மேல் இருந்த டப்பா மெல்ல நகர்ந்தது. முழங்காலை இறுக்கினார். டப்பா எகிறிக் குதித்து, வெயிலில் வெள்ளையாக மின்னிக்கொண்டே கீழே போய் மடுவில் 'தொப்'பென்று விழுந்தது.

"தெல்மா!" என்று அலறினார்.

அந்தச் சத்தம் இரண்டு பக்கப் பாறையிலும் எதிரொலித்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அவர் சுற்றிக்கொண்டு திரும்பி வந்து இறங்கியபோது, நீச்சல் உடையில் சொட்டச் சொட்ட ஒரு பெண் காத்துக்கொண்டிருந்தாள்.

"பெரியவரே, உங்க சூப்பு! தண்ணி உள்ள போயிடுச்சு. ஆனா கொஞ்சம்தான் கொட்டிருக்கு."

டப்பாவுக்குள் தெல்மா கஞ்சியாகக் கலங்கிக் கிடந்தாள்.

இனி எவன் பார்த்தால் என்ன என்றாகிவிட்டது நெவிலுக்கு. விறுவிறுவென்று நடந்தார். டீக்கடை ஓரத்து மரத்தடியில் ஒரு ஆண் மயில் நின்றுகொண்டிருந்தது. அதன் முன்னால் மண்டியிட்டு, டப்பாவை மெதுவாகக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு வரை வேரில் வடித்தார். மயில் தலையைச் சாய்த்துப் பார்த்ததே தவிர நகரவில்லை.

"அவ்வளவுதான் தெல்மா. என்னால முடிஞ்சது இவ்வளவுதான்," என்றார்.

பின்னால் யாரோ மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. டீக்கடைக்காரி. பருத்த உடம்பு, மார்பில் 'மார்லீன்' என்று பேர்ச்சீட்டு.

"தெல்மாவா? எங்க தெல்மாவா? நீலத் தொப்பி?"

நெவில் தலையாட்டினார்.

"ஐயோ, எங்கம்மா!" மார்லீன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு அவர் கையைப் பிடித்துத் தூக்கி, மரத்தடி மேஜையில் உட்கார வைத்தாள். "இதுதான் அவங்க இடம். இருங்க, வரேன்." உள்ளே போய் இரண்டு கோப்பை டீயோடு வந்தாள். ஒன்றை நெவிலுக்கு முன்னால் வைத்தாள். இன்னொன்றை எதிரே, காலி நாற்காலிக்கு முன்னால் வைத்தாள்.

"அது யாருக்கு?"

"அவங்க வீட்டுக்காரருக்கு," என்றாள் மார்லீன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "வாரா வாரம் ரெண்டு டீ சொல்லுவாங்க. ஒண்ணு அவங்களுக்கு. எதிர்ல ஒண்ணு அவருக்கு. ஆறிப்போற வரைக்கும் பார்த்துட்டு உக்காந்திருப்பாங்க."

நெவில் அந்தக் கோப்பையைப் பார்த்தார். ஏரியில் அவர் தூண்டிலைப் போட்டுவிட்டு பியர் குடித்துக்கொண்டிருந்த அத்தனை சனிக்கிழமையும், இங்கே அவருக்காக ஒரு டீ ஆறிக்கொண்டு இருந்திருக்கிறது! குரங்குக்குப் பேர் வைத்ததுகூட ஆசையால்தானோ என்னவோ. பைத்தியக்காரி. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு தடவையாவது வந்திருக்கமாட்டாரா? அழுகையோடு சிரிப்பும் வந்தது. அன்றைக்குக் காலையிலிருந்து பட்ட பாடெல்லாம் சட்டென்று ஒன்றுமில்லாமல் போயிற்று.

உடனே மகளின் ஞாபகம் வந்தது. ஒரே ஒரு இடம் சொல்லு பார்ப்போம் என்றாளே! கேட்கட்டும். அவர் வாயால் சொன்னால் நம்பமாட்டாள், இட்டுக்கட்டுகிறார் என்பாள். மூன்றாம் மனுஷி சொன்னால்தான் எடுபடும். தான் யார் என்பதை மார்லீனிடம் சொல்லாமலே, பரபரவென்று போனைத் தட்டினார்.

"ஷெரன், ஒருத்தங்க உன்கிட்டப் பேசணும்கறாங்க. கேளு." அவள் வாயைத் திறப்பதற்குள் ஒலிபெருக்கியை அழுத்தி மார்லீன் பக்கம் நீட்டினார். "தெல்மா பொண்ணு. சொல்லுங்க. வீட்டுக்காரரைப் பத்தி அவங்க பேசினதெல்லாம் இவகிட்டச் சொல்லுங்க. சத்தமா."

"ஷெரனா? கண்ணு, நான் இங்க டீக்கடைல இருக்கேன். அம்மா உன்னைப் பத்தி நிறையச் சொல்லிருக்காங்கம்மா."

"அப்படியா? வேற என்ன சொன்னாங்க?" ஷெரனின் குரல் இறங்கியிருந்தது.

"உங்கப்பா பேச்சுதான் எப்பவும். குரங்கு பார்க்க, அன்னம் பார்க்க, இங்க மயில் பார்க்கன்னு சனிக்கிழமை ஆனா அம்மாவைக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வருவாராம். அவரை மாதிரி ஒரு மனுஷன் கிடைக்கமாட்டார்னு சொல்லுவாங்க."

நெவிலுக்குக் கடைசிப் பேச்சு மட்டும்தான் காதில் ஏறியது. முகமெல்லாம் பூரித்து, மேஜையை ஒரு தட்டு தட்டினார். "கேட்டியா! நல்லாக் கேட்டுக்கோ!"



"உங்கப்பா செத்து இருபது வருஷம் ஆகியும் ஒரு வாரம்கூட அந்த மனுஷனுக்கு டீ வைக்காம இருந்ததில்லம்மா," என்று மூக்கை உறிஞ்சிய மார்லீன், நெவிலின் தோளில் பரிவோடு கையை வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஆமா, சாம்பல் கொண்டாந்திருக்காரே ஒரு பெரியவர், இவரு உனக்குத் தாய்மாமனா?"